மூச்சு வாங்காத குரல்

அந்தக் கேசட்டில் சிந்துவுக்கு முதலில் உறுத்தியது ஒன்றுதான்: பாடுகிறவன் எங்குமே மூச்சு வாங்கவில்லை.

தகரத்தில் மணலைக் கொட்டுவதுபோல் கிடார் இரைந்தது, எங்கோ மூடிய கதவுக்குப் பின்னால் டிரம்ஸ் அதிர்ந்தது, இரண்டுக்கும் அடியில் ஒரே அலறல், பதினோரு நிமிடம், ஓர் இடத்திலும் அறுபடாமல் போய்க்கொண்டிருந்தது.

1998 ஆகஸ்ட். பகலில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் டைப் அடிப்பாள். மாதம் ஒருமுறை பிளாக் மெட்டல் என்கிற அலறல் ராக் இசைக் கேசட்டுகளுக்கு விமர்சனம் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, சின்னப் புத்தகமாகத் தைத்து, பெங்களூர் பிரேசர் டவுன் கேசட் கடையில் வைப்பாள். வாங்குகிறவர்கள் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பார்கள்: நிஜமா, வேஷமா. முகத்தில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு உறுமுவது வேஷம். வேண்டுமென்றே மட்டமாகப் பதிவு செய்வதும் வேஷம். கேட்கும்போது கையில் மயிர் சிலிர்த்தால் நிஜம்.

ஒரு வருடமாக எதற்கும் சிலிர்க்கவில்லை. அப்பாவைப் பாடையில் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் அப்படித்தான் மரத்துப்போய் நின்றாள்.

இந்தக் குரலுக்குச் சிலிர்த்தது.

அட்டையில் பெயரும் முகவரியும் இருந்தன. கோவிந்தன், மர்பி டவுன். அவனுடைய முதல் கேசட்டுக்கு மார்ச்சில் அவள் எழுதியது நினைவிருந்தது: 'வேஷம். வலி என்றால் என்னவென்றே இவனுக்குத் தெரியாது.'

சனிக்கிழமை மத்தியானம் போனாள். தூறல். சந்து முழுக்கக் கரண்ட் இல்லை. மாவு மில் நின்றிருந்தது, ஈரச் சுவர்களில் பாசி வாடை. கதவைத் திறந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"கோவிந்தன் இருக்காரா? நான் சிந்து. கேசட் விஷயமா..."

"அந்த புஸ்தகம் எழுதுற பொண்ணா? வாம்மா. நான் அவங்கம்மா, பாஞ்சாலி." குரலில் கோபமில்லை. "நீ எழுதுனத படிச்சிட்டு ரூமுக்குள்ள போனான். அஞ்சு மாசமாச்சு."

"வெளிய வரதே இல்லையா?"

"பாடி முடிச்சாதான வருவான். அந்தக் கேசட்ட நான்தான் கடையில குடுத்தேன்."

அப்போதுதான் சிந்துவுக்கு அது கேட்டது. உள்ளறையிலிருந்து. அதே அலறல். கரண்ட் இல்லாத வீட்டில்.

ஓடிவிடலாம் என்று தோன்றியது. கால் ஏனோ உள்ளே நடந்தது.

சத்தம் வெளியே போகாதபடி அறைச் சுவர் முழுக்க முட்டை அட்டைகள் ஒட்டியிருந்தன, ஜன்னலிலும்கூட. ஓர் இடுக்கு வழியாக மட்டும் வெளிச்சம். புளித்த வியர்வை வாடை. சுவரைப் பார்த்து ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மெலிந்த முதுகு. அசைவில்லை. மேஜையில் டேப் ரிக்கார்டர் திறந்து கிடந்தது. உள்ளே கேசட் இல்லை.

"கோவிந்தா, அவங்க வந்திருக்காங்கடா."

அலறல் நிற்கவில்லை.

பாஞ்சாலி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது. "நீயே சொல்லிடும்மா. இப்ப நிஜமா இருக்குதில்ல?"

சிந்து தன் கையைப் பார்த்தாள். ஒரு மயிர்கூட எழவில்லை.

"சொல்லும்மா. சொன்னாதான் நிறுத்துவான்."

"நிஜம்," என்றாள். தன் குரல் தனக்கே பொய்யாகக் கேட்டது.

நாற்காலி கிறீச்சிட்டது. அவன் திரும்பினான்.

கண் இருந்தது. மூக்கு இருந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல், உள்ளங்கைபோல் வழவழப்பாக. அலறல் அந்தத் தோலுக்குள்ளிருந்துதான் வந்துகொண்டே இருந்தது. தோல் புடைத்தது. அமுங்கியது. மறுபடி புடைத்தது. உள்ளே, பற்களின் வரிசை தெரிந்தது.