பட்டியலில் இரண்டு செவெல்மா

வைஃபையில் இணைந்திருக்கும் போன்களின் பட்டியலில் செவெல்மாவின் பெயர் இரண்டு முறை இருந்தது.

மதியம்தான். ஆனால் இரண்டு நாளாக ஓயாத பனிப்புயலில், கெர் கூடாரத்தின் உச்சித் துளை வழியே சாம்பல் நிற வெளிச்சம்தான் இறங்கியது. காற்று கம்பளிச் சுவரை ஈரத்துணியால் அடிப்பதுபோல் விட்டுவிட்டு அறைந்தது; அடுப்பில் கனன்ற உலர்சாணத்தின் புகையும், உப்புப் போட்ட பால் தேநீரின் மணமும், கட்டிலில் தூங்கும் ஆறு மாதக் குழந்தையின் தலைமாட்டில் தேங்கி நின்றன. சிதறிய ஆடுகளைத் தேடி விடியலில் போன அவள் கணவன் லுவ்சான் இன்னும் திரும்பவில்லை.

அவனுக்காகத்தான் பட்டியலைத் திறந்தாள். அவன் போன் அதில் வந்தால், கூடாரத்திலிருந்து ஐம்பது தப்படிக்குள் இருக்கிறான் என்று பொருள்.

வந்திருந்தது. லுவ்சான். செவெல்மா. செவெல்மா.

கதவைத் திறந்து அவன் பெயரைக் கூப்பிட்டாள். வெளியே வெள்ளை. குரல் வாய்க்கு அப்பால் போகவில்லை. நாய் குரைக்கவில்லை.

அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த கொழுந்தன் சோய்ஜிலை அழைத்தாள்.

"அப்பவே சொன்னேன்ல அண்ணி, பாஸ்வேர்டு போடுங்கன்னு. மேய்க்க வர்றவன் பூரா உங்க கெர் பின்னாடி குதிரைய நிறுத்தி ஓசியில மல்யுத்தம் பாக்குறான்."

"உங்கண்ணன் எங்க கேட்டாரு. கதவுக்கே பூட்டு கிடையாது, இதுக்கு எதுக்குன்னுட்டாரு. வர்றவங்க வந்துட்டுப் போகட்டுமாம்."

"இப்பப் போடுங்க. மொத்தமா அத்துப்போகும். அந்த ரெண்டாவது யாருன்னு பாத்துக்கலாம்."

"அத்துப்போனா அவரும்ல போயிருவாரு."

வாசலுக்குப் பத்தடி தள்ளி விறைத்துக் கிடந்தவர்களை இருவருமே பார்த்திருக்கிறார்கள்.

"வண்டி நகரல அண்ணி," என்றான் சோய்ஜில். "காத்து நின்னதும் வந்துர்றேன்."

அவள் லுவ்சானுக்கு எழுதினாள். எங்க இருக்கீங்க?

உடனே பதில் வந்தது. வீட்லதான்.

கூடாரம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். அடுப்பு, கட்டில், பெட்டி. அவ்வளவுதான்.

வெளிய இருக்கீங்க. நான் பாத்திரத்தத் தட்டுறேன். சத்தம் வர்ற பக்கம் வாங்க.

நீதான கைய பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்த? நல்லா சூடா இருக்கு. கோட்டக் கழட்டிட்டேன்.

குளிரில் சாகிறவர்களுக்குக் கடைசியில் சூடாக இருக்குமாம். துணியைக் கழற்றுவார்களாம். காலிச் சட்டி ஒன்றையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிக் கதவைத் திறந்தாள். தட்டினாள். கை மரத்துப்போகும்வரை தட்டினாள். இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவான்? குழந்தையை விட்டுவிட்டு இந்த வெள்ளைக்குள் எத்தனை அடி போகமுடியும்? போனால் திரும்பமுடியுமா?

போன் அதிர்ந்தது. சட்டியைக் கீழே வைத்துவிட்டு எடுத்தாள்.

நீ பேசாம டீ ஊத்திக்கிட்டே இருக்க. அதான் இதுல கேக்குறேன்.

இன்னொரு முறை.

யாரு அது வாசல்ல? நிலைப்படிய மிதிச்சுகிட்டு நிக்குறா. நம்ம ஆளுங்க அப்படி மிதிக்க மாட்டாங்களே.

செவெல்மா குனிந்து பார்த்தாள். அவள் வலது கால் நிலைப்படியின் மேல் இருந்தது.

பிறகு ஒரு படம் வந்தது. கட்டில் பக்கமிருந்து எடுத்தது. அவளுடைய அடுப்பு. அவளுடைய தேநீர்ச் சட்டி. அடுப்படியில் செவெல்மா உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. அதற்கும் பின்னால், திறந்த கதவில், தோளெல்லாம் பனி படிந்த ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ஒரு கையில் கரண்டி. தலை குனிந்திருந்தது, போனைப் பார்ப்பதுபோல்.

வாசலில் நின்ற செவெல்மா திரும்பவில்லை. கழுத்து சொன்னபடி கேட்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் குழந்தை விழித்துக்கொண்டு சிரித்தது. யாரோ கிண்ணத்தில், மெதுவாக, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.