நான்காவது கிளாஸ்

காலை பத்தரை மணிக்கு மூக்கர், விஸ்கி கம்பெனியின் பழைய கட்டடத்துக்குள் நுழைந்தார். கீழே சுவைக்கும் அறை, மேலே காலிச் சாக்குகள் கிடக்கும் ஓர் அறை, நடுவே ஒரு மரப்படி. கட்டடம் அவ்வளவுதான். விஸ்கியை முகர்ந்து, வாயில் வைத்துத் துப்பி, தரம் சொல்வது அவர் தொழில். முப்பது வருடமாக எல்லோருக்கும் அவர் மூக்கர்தான். சொந்தப் பேர் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது.

"வாங்க அத்தான்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டான் மைத்துனன். இறந்துபோன மனைவியின் தம்பி, அதே கம்பெனியில் அதே தொழில். அவள் போனபின் நான்கு வருடம் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவரைச் சோறு போட்டுக் காப்பாற்றி, இன்று மறுபடி வேலைக்கு இழுத்து வந்திருப்பவன். மூக்கருக்கு உறவென்று மிச்சம் இருந்ததே அவன் ஒருவன்தான்.

மேஜையில் ஆறு கருநீலக் கிளாஸ்கள். உள்ளே இருப்பதன் நிறம் தெரியாது. ஒவ்வொன்றின் மேலும் வட்டக் கண்ணாடி மூடி.

"என்ன சரக்கு?"

"ஸ்காட்ச் சிங்கிள் மால்ட். எல்லாமே கடும்புகை. உங்களுக்குப் பிடிச்சதாச்சே."

மூக்கர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். பீட் என்ற சதுப்பு மண்ணை எரித்து, அந்தப் புகையில் பார்லியைக் காயவைத்துச் செய்கிற விஸ்கி அது. நாலைந்து கிளாஸ் முகர்ந்தால் போதும், அப்புறம் வேறெந்தப் புகையும் மூக்குக்கு உறைக்காது. தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். மூக்கருக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் இதே மாதிரி வரிசையாக வைத்து முகர்ந்துகொண்டிருந்தார். காய்ச்சலோடு மாடியில் படுத்திருந்த மனைவி குரல் கொடுத்தாள்.

"ஏங்க, ஏதோ கருகுதே."

"அது என் கிளாஸ்தான். நீ தூங்கு," என்றார், தலையைக்கூடத் தூக்காமல்.

மாடியில் மின்கம்பியில் பற்றிய தீயைக் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுக்காரன். ஊரிலேயே பெரிய மூக்கு அப்போது கீழே உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தது. 'அவ கூப்பிடவே இல்லடா, தூக்கத்துலயே போயிட்டா' என்று மைத்துனனிடம் சொல்லிவைத்தார். அந்த ஒரு பொய்யில்தான் இந்த உறவு தொங்கிக்கொண்டிருந்தது.

இன்று கிளாஸ்களை நிரப்பியவன் மைத்துனன். அதனால் அவன் எதிரே சும்மா உட்கார்ந்திருந்தான். ஆறும் முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். முதல் கிளாஸில் கடலுப்பும் புகையும். இரண்டாவதில் ஆஸ்பத்திரி மருந்து. மூன்றாவதில் நனைந்து அணைந்த விறகு. எழுதினார், துப்பினார். கை கொஞ்சம் தைரியம் பெற்றது.

நான்காவது மூடியை எடுத்தார்.

முடி கருகும் நெடி. அதன் பின்னால் பற்றியெரிகிற திரைத்துணி. எல்லாவற்றுக்கும் அடியில், மெல்லிசாக, காய்ச்சலுக்கு நெற்றியில் தடவிய தைலம். பேனா தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனது.

மேலே பலகை கிறீச்சிட்டது.

இன்னொரு முறை.

"ஏங்க, ஏதோ கருகுதே."

காய்ச்சலில் தளர்ந்த அதே குரல். மூக்கரின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"அது என் கிளாஸ்தான். நீ தூங்கு."

மைத்துனன் நிமிர்ந்தான். "யார்கிட்ட பேசுறீங்க?"

அவன் தாளை இழுத்துப் படித்தான். முடி. திரைத்துணி. தைலம். படித்தவனின் முகம் வெளுத்தது.

"அத்தான், நாலாவதுல வெறும் தண்ணி."

வரிசையில் எங்காவது ஒரு கிளாஸ் தண்ணீர் வைப்பது பழைய வழக்கம், கற்பனையில் எழுதுகிறவனைப் பிடிக்க. முப்பது வருடத்தில் மூக்கர் ஒரு தடவைகூட மாட்டியதில்லை.

"அன்னைக்கு அக்கா கூப்பிட்டாளா?"

மூக்கர் மேஜையையே பார்த்தார்.

"கேக்கிறேன்ல? கூப்பிட்டாளா, இல்லையா?"

"கூப்பிட்டா."

"நீங்க இதையேதான் சொன்னீங்க. தூங்குன்னு."

மூக்கர் தலையை ஆட்டினார். அவன் கத்துவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தார், அடித்திருந்தால் தேவலை. அவன் மெதுவாக எழுந்து பையைத் தோளில் மாட்டினான்.

"நாலு வருஷமா உங்களுக்குச் சோறு கொண்டாந்து வெச்சேனே," என்றான். "நாளைக்குக் காலி கிளாஸைப் பாத்துட்டு, சாவியை வாசல்ல வெச்சுட்டுப் போயிடுங்க. அப்புறம் என் கண்ணுலயே படாதீங்க."

கிளாஸ்களைக் காலி செய்து ஒரு நாள் காயவிட்டு, மறுநாள் முகர்ந்து பார்ப்பதுதான் இந்த வேலையின் கடைசிப் படி. மறுநாள் காலை மூக்கர் தனியாக வந்தார். அறையெங்கும் வெயில். முதல் கிளாஸை எடுத்தார். ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. நான்காவதை மூக்கோடு அழுத்திக்கொண்டார். கண்ணாடியின் குளிர்ச்சி மட்டும் இருந்தது. முப்பது வருட மூக்கு ஒரே ராத்திரியில் செத்துப் போயிருந்தது.

"திட்டவாவது செய்யேன்டி," என்று அழுதார்.

"ஏங்க, ஏதோ கருகுதே."

இந்தத் தடவை அவர் கிளாஸைப் பார்க்கவில்லை. "வந்துட்டேன், இதோ வந்துட்டேன்!" நாற்காலி கவிழ, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, கதவைத் தள்ளினார்.

காலிச் சாக்குகள். கம்பி போட்ட சின்ன ஜன்னல். யாரும் இல்லை.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

அப்போதுதான் வாசனை வந்தது. செத்த மூக்குக்குள் கொழுந்துவிட்டு வந்தது. கதவிடுக்கில் மெல்லிய புகை. கைப்பிடியைத் தொட்டார், உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

"யாராவது இருக்கீங்களா?" தரையை உதைத்தார். "ஏதோ கருகுது! ஏதோ கருகுதே!"

கீழே கவிழ்ந்த நாற்காலியை யாரோ நிமிர்த்திப் போட்டு உட்காரும் சத்தம். கண்ணாடி மூடி ஒன்றை எடுத்து வைக்கும் சத்தம். பிறகு, தலையைக்கூடத் தூக்காத அவருடைய சொந்தக் குரல்:

"அது என் கிளாஸ்தான். நீ தூங்கு."