கம்பாலாவிலிருந்து வந்தவன்

இஸ்திரி போட்ட சட்டையும் கீழே லுங்கியுமாக ஆப்பிரிக்கா போன முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று சிலுவைமுத்து நினைத்துக்கொண்டார். இடுப்புக்குக் கீழே போனில் தெரியாது என்று தம்பி மகள் ஏஞ்சலின் சொல்லியிருந்தாள்.

நத்தம் பஸ்ஸை ஓட்டியே ஆயுளைக் கழித்த மனிதர், திண்டுக்கல் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவைச் சுற்றிப் பார்க்கப் போகிறார். நேரில் வர முடியாதவர்களுக்காக அங்கே ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு பகல் முழுக்க நடந்து காட்டுவார். ஏஞ்சலின்தான் தேடிப் பிடித்தாள். வழிகாட்டியின் பெயர் கிஸிட்டோ. நல்ல சிரிப்பு.

ஊர் பார்க்கும் ஆசை அவருக்கில்லை. ஒரே மகன் ஆண்டனிராஜ் அங்கே போர்வெல் வண்டியில் வேலைக்குப் போனவன். கொரோனாவில் விமானங்கள் நின்றிருந்த நாட்களில் காய்ச்சலில் போய்விட்டான். அங்கேயே புதைத்துவிட்டார்கள். அந்தக் கல்லறையை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனை வருஷத்தில் அவர் அழவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பது போல அவ்வப்போது உள்ளே தொட்டுப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது.

கிஸிட்டோ சந்தையைக் காட்டினார். மேட்டுமேல் மாதா கோயிலைக் காட்டினார். விளக்குக் கம்பங்களின்மேல் வழுக்கைத் தலையோடு நின்ற ஆளுயர நாரைகளைக் காட்டினார்.

“ஏத்தா, வாழைத்தாரு குவிஞ்சு கெடக்கு. சிறுமலை லாரி கவுந்த கணக்கா.”

“அதை அவிச்சு மசிச்சுத்தான் அங்க சோறாம், பெரியப்பா.”

“நம்ம ஆண்டனி எப்படித்தான் காலம் தள்ளுனானோ. பஸ்ஸுல எவனாச்சும் வாழைப்பழம் உரிச்சாலே ஓங்கரிப்பானே.”

கடைசியாகக் கல்லறைத் தோட்டம். அங்கே மழை பெய்து ஓய்ந்திருந்தது. காவல்காரக் கிழவர் ஒரு மண்மேட்டைக் கைகாட்டினார். சிலுவையில் பெயர் கரைந்து போயிருந்தது. கிஸிட்டோ போனைக் குனிந்து பிடித்தார்.

சிவந்த ஈர மண். கொஞ்சம் புல்.

சிலுவைமுத்து பார்த்தார். உள்ளே தொட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. சரி, போனை வைக்கலாம் என்று தோன்றியது. மகனோடு பேசி முடிக்கும்போதெல்லாம் சொல்கிற வார்த்தை தானாக வாயில் வந்தது.

“சரி அப்பு, வீட்டுக்கு வா.”

ஏஞ்சலின் பதறிவிட்டாள். “பெரியப்பா! எழவு வீட்டுல ‘போயிட்டு வாரேன்’னே சொல்ல மாட்டோம். கல்லறையில நின்னு ‘வா’ன்னு கூப்பிடலாமா?”

“விசா எடுக்காம எப்படி வருவான்? விடு.”

போனில் காற்றிரைச்சல் சட்டென்று நின்றது. கிஸிட்டோ தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். சிரிப்பைக் காணோம்.

அன்று ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தபோது, எதிர் நாற்காலி வெளியே இழுத்துப் போட்டபடி இருந்தது. வீட்டுக்குள் நனைந்த மண் வாடை.

சிலுவைமுத்து பயப்படவில்லை. அதற்கும் உள்ளே ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே. இன்னொரு தட்டை எடுத்து வைத்தார். மகனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை ஊற்றி, படுக்கப் போனார்.

காலையில் தட்டு அப்படியே இருந்தது. கொக்கியில் தொங்கிய வாழைப்பழச் சீப்பில் ஒரு பழம்கூட இல்லை. நாற்காலிக்கடியில் வாழைப்பழத் தோல்கள்.

“வெளியூர்ச் சாப்பாடு பழகிப்போச்சு போல,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தோல்களைக் கூட்டி அள்ளினார்.

மத்தியானம் ஏஞ்சலின் போனைப் பிடித்தபடி ஓடி வந்தாள்.

“பெரியப்பா, நேத்துப் பார்த்தது அண்ணன் கல்லறை இல்லையாம். அந்தத் தாத்தா தப்பாக் கைகாட்டிட்டாராம். கிஸிட்டோ இப்பச் சரியான எடத்துல நிக்காரு, பாருங்க.”

திரையில் வேறொரு சிலுவை. ஆண்டனிராஜ் என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருந்தது.

“அப்ப நேத்து உள்ளது யாரு?”

“தெரியலையாம். தேடி யாருமே வராத ஆளாம். பேரு சொல்லிக் கூப்பிடக்கூட நாதி இல்லையாம்.”

சிலுவைமுத்து எதிர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். இந்தத் தடவை வாய் தவறவில்லை.

“ஆண்டனி. வீட்டுக்கு வா அப்பு.”

அடுக்களையில் ஏதோ ஒன்று கீழே விழுந்து உருண்டது.

ஏஞ்சலின் போன பிறகு அவர் சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். வாசல் கதவு திறந்தே கிடந்தது. வெளியே வெயில் தணிந்துகொண்டிருந்தது.

டண். டண்.

கேட்டில்தான்.

கண்டக்டர் பஸ்ஸைத் தட்டுவது போல ரெண்டு தட்டு. சின்ன வயதிலிருந்தே ஆண்டனி அப்படித்தான் வீட்டுக்கு வருவான்.

சிலுவைமுத்து எழுந்தார்.

வாசல் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

உள்தாழ்ப்பாள் விழுந்தது.

ஓடிப்போய் இழுத்தார். இரும்பு பனிக்கட்டியாகச் சில்லிட்டது. ஈரச் செம்மண் விரலில் ஒட்டியது. தாழ்ப்பாள் அசையவில்லை. அதன்மேல் இன்னொரு கை இருந்தது.

“தம்பி,” என்றார் கிசுகிசுப்பாக. “அது எம்புள்ளப்பா. நீயும் இருந்துக்க. அவனையும் உள்ள விடு.”

தாழ்ப்பாளை மறுபடி இழுத்தார்.

டண். டண்.

பிறகு அடுத்த வீட்டு கேட்டில் கேட்டது. பிறகு தெருமுனையில். பிறகு கேட்கவில்லை.

இத்தனை வருஷம் மரத்துக் கிடந்த இடத்தில், முதல் தடவையாக, வலித்தது.

பின்னால் நாற்காலி இழுபட்டது. வாழைப்பழ வாடை அறை முழுக்கப் பரவியது.

காலித் தட்டு ஒன்று, பரிமாறச் சொல்வது போல, மேசைமேல் அவர் பக்கமாக நகர்ந்து வந்து நின்றது.