கயிற்றின் கடைசி ஆள்

கியாசும் என்கிற கணவாய்க்குக் கீழே இருக்கிற கல்வீட்டுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது லாமு அக்கா வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். சாணி அடுப்பின் புகை கூரை இடுக்கு வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. முன்னால் வழிகாட்டி கியால்பு, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு டச்சுக்காரப் பள்ளிக்கூட டீச்சர் ஆனெக், கடைசியில் பூர்டெம்பா. யாரும் பின்தங்கிவிடாமல் கடைசி ஆளாக வருவதுதான் பூர்டெம்பாவின் வேலை. லாமு அக்கா மூன்று பேரையும் பார்த்தாள். கடைசி முகத்தின் மேல் மட்டும் அவள் கண் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றது.

இத்தனை வருஷமாக அந்த இடத்தில் வந்துகொண்டிருந்தவன் கியால்புவின் தம்பி. அவன் பேரை அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் சொல்லக் கூடாது. கதை சொல்கிறவனுக்கு அந்தத் தடை இல்லை. அவன் பேர் நுர்சுங்.

குளிர் குறையத் தொடங்கிய நேரத்தில், கணவாய்க்கு அந்தப் பக்கத்துப் பனியாற்றில் அவன் செத்தான். மேலே பார்க்கக் கெட்டித் தரை மாதிரிதான் இருந்தது. காலடியில் பனி வாயைத் திறந்தது, அவன் உள்ளே போய்விட்டான். பிளவின் விளிம்பில் கயிறு அறுந்தது. கயிற்றை மூன்று தரம் இழுத்தால் ‘ஆள் விழுந்தாச்சு, பிடி’ என்று அர்த்தம். அன்றைக்கு அந்த மூன்று இழுப்பு கியால்புவின் இடுப்புக்கு வந்து சேரவே இல்லை. கயிறு திடீரென்று லேசாகிவிட்டது, அவ்வளவுதான். மேலேயிருந்து ஆட்களை இறக்கித் தேடினார்கள். அடியில் கறுப்புத் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

உடல் கிடைக்காததால் லாமா ஒரு காகிதத்தில் அவன் பேரை எழுதி எரித்தார். செத்தவன் நாற்பத்தொன்பது நாள் வழிநடையில் இருப்பான், அதுவரைக்கும் அவன் பேரைச் சொல்லாதீர்கள் என்றார். பேர் காதில் விழுந்தால் திரும்பிப் பார்ப்பான். திரும்பினவனுக்கு வழி தவறிப்போகும். அப்புறம் பசியும் குளிருமாக அங்கேயே கிடந்து அலைய வேண்டியதுதான். கடைசிப் பூஜைக்கு இன்னும் சில நாளே பாக்கி. ஆனெக்குக்குப் போன வருஷமே வாக்குக் கொடுத்திருந்ததால் கியால்பு கிளம்பினான். நுர்சுங்கின் மனைவி டோல்கர் தடுக்கவில்லை. பெண் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வேலி வரைக்கும் வந்தாள்.

"அந்தப் பனில ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க மாமா. அவரைக் கூப்பிட்டுடாதீங்க. போறவரு நல்லபடியாப் போகட்டும்" என்றாள்.

பூர்டெம்பா டோல்கரின் தம்பி. வாய் சும்மா இருக்காது. அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கு ரொட்டியை வெண்ணெயில் தோய்த்துத் தின்றுகொண்டே லாமு அக்காவிடம் புகார் வைத்தான்.

"என் மாமாவுக்கு என்மேல நம்பிக்கையே இல்லக்கா. நாலு அடிக்கு ஒருதரம் திரும்பிப் பாக்குறாரு. புதுப்பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்."

கியால்புவும் சிரித்தான். திரும்பிப் பார்த்தது பூர்டெம்பாவை அல்ல என்று அவனுக்குத் தெரியும். பூர்டெம்பாவுக்கும் தெரிந்திருக்கும்.

லாமு அக்கா உப்புத் தேநீரை ஊற்றிக்கொண்டே பழைய கதை ஒன்றை எடுத்தாள். ‘அந்தப் பையன்’ என்றுதான் சொன்னாள். பனியாற்றில் இறங்குகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. கல்மேட்டை எட்டியதும் முன்னால் போனவன் கயிற்றின் கடைசிக்கு நடந்து வந்து, "எல்லாரும் இறங்கியாச்சு" என்று சொல்ல வேண்டும். கடைசி ஆள் தலைகளை எண்ணிப் பார்த்து ஆமோதித்த பிறகுதான் அவன் முடிச்சு அவிழும். ஒரு தடவை யாரோ ஒரு வெள்ளைக்காரர் அவசரமாகப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கிறார். அந்தப் பையன் பனியில் நின்றுகொண்டு, ஒரு ஆள் குறையுது, அவிழ்க்க மாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறான். வெள்ளைக்காரர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தாராம். ஆனெக்குக்கும் விளங்கும்படி பூர்டெம்பா அதை நடித்துக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் கணவாயின் உச்சியை நல்ல வெயிலில் தாண்டினார்கள். ஜூனிப்பர் இலையைக் கொளுத்தி மலைக்குப் புகை காட்டினான் கியால்பு. பிரார்த்தனைக் கொடிகள் காற்றில் படபடத்தன. இறக்கத்தில் கயிறு கட்டிக்கொண்டார்கள். முன்னால் அவன், நடுவில் ஆனெக், கடைசியில் பூர்டெம்பா. கயிற்றில் மிச்சம் இருந்த நீளத்தைச் சுருட்டி பூர்டெம்பா தோளில் மாட்டிக்கொண்டான்.

பனியாற்றின் பாதியில் மேகம் இறங்கியது.

முதலில் எதிர்ச்சரிவு மறைந்தது. அப்புறம் ஆனெக்கின் சிவப்புத் தொப்பி. கடைசியில் கியால்புவுக்குத் தன் காலணியே தெரியாதபடி வெளுத்துப்போயிற்று. ஈர இரும்பு மாதிரி ஒரு வாடை மூக்கில் ஏறியது. மேகத்துக்குள் சத்தத்துக்குத் திசை கிடையாது. எங்கேயோ பனி முனகியது, அது காலுக்குக் கீழேயா தலைக்கு மேலேயா என்று சொல்ல முடியவில்லை. கியால்பு பனிக்கோடாலிக் காம்பால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்து அடி எடுத்து வைத்தான். அந்தப் பிளவு பக்கத்தில்தான் எங்கேயோ இருந்தது.

கண் தெரியாத இடத்தில் முன்னால் போகிறவன் அவ்வப்போது கடைசி ஆளுக்குக் குரல் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷமாகக் கொடுத்த குரல் அது. யோசித்துக் கொடுப்பதில்லை, வாய் தானாகக் கொடுத்துவிடும்.

"நுர்சுங், எல்லாரும் இருக்காங்களாடா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவன் காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பின்னால், வெகு தூரத்தில்,

"இருக்கோம் அண்ணே."

பூர்டெம்பா அவனை மாமா என்றுதான் கூப்பிடுவான். அண்ணே என்று கூப்பிட உலகத்தில் ஒருவன்தான் இருந்தான்.

கயிறு ஒரு தரம் இழுபட்டது. நில் என்று அர்த்தம். கியால்பு நின்றான். கொஞ்ச நேரத்தில் பூர்டெம்பா நடுவிலிருந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டே ஆனெக்கோடு அவனிடம் வந்து நின்றான். அவன் முகத்தில் வழக்கமான சிரிப்பைக் காணோம். ஆனெக் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யார் பேரச் சொன்னீங்க மாமா?" என்று கிசுகிசுத்தான்.

"பழக்கம்டா மச்சான். வாயில வந்துடுச்சு. பதில் உனக்குக் கேட்டுச்சா?"

"எனக்குப் பின்னாலேருந்துதான் வந்துச்சு. எனக்குப் பின்னால யாரும் இல்ல மாமா."

அவன் தோளில் மாட்டியிருந்த சுருள் அங்கே இல்லை. எப்போது நழுவியது என்று அவனுக்கே தெரியவில்லை. அவன் இடுப்பு முடிச்சுக்கு அப்பால் மிச்சக் கயிறு பனிமேல் நீண்டு கிடந்து மேகத்துக்குள் போனது. வாலாக விட்ட கயிறு தரையில் தொய்ந்து கிடக்க வேண்டும். இது முழங்கால் உயரத்தில் விறைப்பாக நின்றது.

பூர்டெம்பா கத்தியை எடுத்தான். கியால்பு அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அறுக்காதே. ஒருதரம் அறுந்தது போதும்."

அறுக்க வேண்டாம், ஆனால் இனி வாயைத் திறக்கவும் வேண்டாம் என்று பூர்டெம்பா கெஞ்சினான். கூப்பிட்டால் எதுவும் பதில் சொல்லும், அது அத்தான்தான் என்று எப்படித் தெரியும் என்றான். அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று அவன் கேட்டபோது குரல் உடைந்தது. கியால்பு தலையாட்டினான். ஆனெக்குக்குத் தலைவலி தொடங்கியிருந்தது, அங்கே நின்றுகொண்டே இருக்க முடியாது. பழையபடி வரிசை கட்டி நடந்தார்கள்.

கியால்புவுக்குப் பயமாக இருந்தது. ஆனால் பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் முதலில் வந்தது சந்தோஷம். செத்த அன்றிலிருந்து கல்லாக உட்கார்ந்திருந்த நெஞ்சு ‘அண்ணே’ என்ற ஒரு சொல்லில் கரைந்துவிட்டது. இன்னும் ஒரு தரம் கேட்டால் போதும் என்று தோன்றியது. டோல்கர் வேலியோரம் நின்றது கண்ணுக்குள் வந்தது. கூப்பிட்டுடாதீங்க மாமா. அவன் பல்லைக் கடித்தான். நடந்தான். மேகம் காதை அடைத்தது. இனி எந்தக் காலத்திலும் கேட்கப்போவதில்லை என்று நினைத்த குரல் கயிற்றின் அந்த நுனியில் இருந்தது.

"நுர்சுங்" என்றான், தனக்கு மட்டும் கேட்கும்படி.

"இருக்கேன் அண்ணே."

இந்தத் தடவை தூரத்தில் இல்லை. பூர்டெம்பாவுக்கும் ஆனெக்குக்கும் நடுவில் எங்கேயோ.

பூர்டெம்பாவிடமிருந்து சத்தமே இல்லை. கியால்பு கயிற்றை ஒரு தரம் இழுத்தான். பதில் இழுப்பு வந்தது, மெதுவாக. ஆனெக் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு இவர்களுடைய பேச்சும் தெரியாது, லாமா சொன்னதும் தெரியாது. முகத்தில் நன்றி இருந்தது.

"பின்னால வர்றவருக்குத் தேங்க்ஸ் சொல்லிடுங்க. வழுக்கினப்ப முழங்கையப் பிடிச்சுக்கிட்டாரு. கையுறை சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு, பாவம்" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

அவள் முழங்கையில் நாலு விரல் தடம் இருந்தது. தண்ணீர் பட்ட இடம் அப்படியே உறைந்துபோயிருந்தது.

பூர்டெம்பா ஒரு கயிறு நீளத்துக்குப் பின்னால் இருந்தான்.

அதற்கப்புறம் கியால்பு வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மூன்றாவது பதில் எங்கிருந்து வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் இன்னொரு ஜோடிக் காலணி பனியை நறுக்கும் சத்தம் கேட்டது. அவன் நின்றால் அதுவும் நின்றது. பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

பனி முடிந்து கல் தொடங்கியபோது மேகம் கொஞ்சம் விலகியது. கீழே விடுதியின் தகரக் கூரை தெரிந்தது. ஆனெக்கை ஒரு பாறையில் உட்கார வைத்து அவள் முடிச்சை அவிழ்த்துவிட்டான். பூர்டெம்பா தள்ளாடி வந்து சேர்ந்தான். அவன் புருவமெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. தன்னைத் தாண்டி ஏதோ போயிற்று, அதுவரைக்கும் மூச்சு விட முடியவில்லை என்று மட்டும் சொன்னான். அவனையும் கியால்பு அவிழ்த்துவிட்டான்.

மிச்சக் கயிறு பனியாற்றுக்குள் நீண்டிருந்தது. இன்னும் விறைப்பாகத்தான்.

"கூப்பிட்டது நீங்க மாமா" என்றான் பூர்டெம்பா. கோபம் இல்லாமல்தான் சொன்னான். "அனுப்ப வேண்டியதும் நீங்கதான். இப்படியே விட்டுட்டுப் போனா அத்தான் இங்கயே கிடப்பாரு."

கியால்பு கயிற்றைப் பிடித்துக்கொண்டு பனியின் ஓரம் வரைக்கும் போனான். கண்ணீர் தாடியில் உறைந்தது, அவன் துடைக்கவில்லை. கடைசி ஆளிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னான்.

"எல்லாரும் இறங்கியாச்சுடா தம்பி. உன் வேலை முடிஞ்சுது. அவிழ்த்துக்கோ. நீ போ."

காற்றுகூட நின்றிருந்தது. கயிறு தொய்ந்து மெல்லக் கல்மேல் படுத்தது. பூர்டெம்பா பெருமூச்சு விட்டான். போய்விட்டான் என்று கியால்புவும் நினைத்தான். அந்த நினைப்பே அவனைக் குத்தியது.

அப்போது மேகத்துக்குள்ளிருந்து, பழைய அடத்தோடு,

"இல்லண்ணே. எண்ணிப் பாத்துட்டேன். ஒரு ஆள் குறையுது."

தம்பி எண்ணிக்கையில் ஒரு நாளும் தப்பினதில்லை. இறங்காத ஆள் ஒருவன் உண்டுதான். பிளவுக்கு அடியில், கறுப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில், யாரும் இறக்கிக் கொண்டுவராமல் இன்னும் அங்கேதான் கிடந்தான். அவனை விட்டுவிட்டு, காகிதத்தை எரித்துவிட்டு, எல்லாரும் இறங்கியாச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கயிறு அசைந்தது.

ஒரு தரம்.

இன்னொரு தரம்.

மூன்றாவது தரம் இழுத்த இழுப்பில் கியால்பு ஒரு அடி முன்னால் போனான். அன்றைக்கு வராத இழுப்பு. அவன் குதிகாலைக் கல் இடுக்கில் ஊன்றி, கயிற்றை இடுப்பைச் சுற்றி வளைத்துப் பிடித்தான்.

"மாமா, விட்டுடுங்க" என்றான் பூர்டெம்பா. கியால்பு விடவில்லை. பூர்டெம்பா ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றான், பிறகு வந்து அவனுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

கயிற்றின் அந்த முனையில் ஒரு ஆளின் கனம் இருந்தது.