இரண்டு காதிலும் பாட்டு

பாட்டுக்கு நடுவே யாரோ மூச்சு விட்டார்கள்.

தையல்காரி பெடலிலிருந்து காலை எடுத்தாள். மடியில் பாதி தைத்த திரைச்சீலை கிடந்தது. மாலை நேரம்தான், ஆனாலும் மேகம் கவிந்து அறை முழுக்க இருட்டியிருந்தது. ஈரமண் வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும் கலந்து, போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி நின்றன. மனப்பாடமாகிப்போன பழைய பாட்டு அது. அதில் இப்படியொரு மூச்சு இருந்ததே இல்லை.

மெஷினின் கடகடப்பை அமுக்கத்தான் உள்ளங்கைக்குள் அடங்கும் பாட்டு பிளேயரையும் இயர்போனையும் வாங்கினாள். நாளாக ஆக வால்யூம் போதாமல் ஏற்றிக்கொண்டே போனாள். பாட்டு முடிந்த பிறகும் காதுக்குள் ஒரு ரீங்காரம் ஓயாமல் கேட்டது. காது டாக்டர் கண்டித்தார்: "சத்தத்தைப் பாதியா குறைங்கம்மா. நடுநடுவே காதுக்கு ஓய்வு குடுங்க. போன காது திரும்பி வராது."

பஸ் ஓட்டும் கணவன் அதையே கேலியாகச் சொல்வான். காலையில் கிளம்பும்போதுகூட, அவள் காதிலிருந்து இயர்போனை உருவிவிட்டு, "ஒரு காதையாவது வெளிய விடு. உன்கிட்ட பேசணும்னா இனிமே தபால்தான் போடணும் போலிருக்கு" என்றான்.

"போடுங்க, பதில் எழுதறேன்" என்று சிரித்தவள், அவன் தலை மறைந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டாள்.

இப்போது இயர்போனை உருவினாள். நிசப்தம். மாட்டினாள். பாட்டுக்கு அடியில், சமையலறைப் பக்கமிருந்து, வெறுங்கால் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். மறுபடி உருவினாள். ஒன்றுமில்லை. பாட்டோடு ஏதோ சேர்ந்து பதிவாகியிருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு, பிளேயரை அணைத்தாள்.

தண்ணீர் குடிக்க எழுந்தபோது முழங்கை பட்டுக் கத்தரிக்கோல் விழுந்தது. கனமான இரும்புக் கத்தரிக்கோல். தரையில் மோதித் துள்ளியது.

சத்தமே இல்லை.

ஜன்னலைப் பார்த்தாள். எதிர்வீட்டுத் தகரக் கூரையில் மழை கொட்டித் தெறித்துக்கொண்டிருந்தது. அதற்கும் சத்தமில்லை. கையைத் தட்டினாள். "யாரு?" என்று கத்தினாள். தொண்டை அதிர்ந்தது, அவ்வளவுதான். வீடு அமைதியாக இருக்கவில்லை. அவள் காதுதான் போயிருந்தது.

அப்படியென்றால் அந்தக் காலடி?

இயர்போனை எடுத்து மாட்டினாள். பிளேயர் அணைந்தேதான் கிடந்தது. ஆனால் மழை கேட்டது. தகரத்தின் சடசடப்பு கேட்டது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். சமையலறையில் குழாய் திறந்து மூடியது.

வெறுங்கால்கள். நடைவழிக்கு வந்தன. அறைக்குள் வந்தன. நின்றன.

முதுகுக்குப் பின்னால். மிக அருகில்.

திரும்ப வேண்டும். கழுத்து திரும்ப மறுத்தது.

வாசல் கதவு திறந்தது. கணவன். சொட்டச் சொட்ட நனைந்த தலை, தோளில் பை. உயிர் வந்ததுபோல் அவளுக்கு அழுகை முட்டியது. 'ஏங்க' என்று கூப்பிட வாயைத் திறந்தாள். குரல் எழவில்லை.

பின்னாலிருந்து எழுந்தது. அவளுடைய அதே குரல்.

"வந்துட்டீங்களா? இப்படி நனைஞ்சுட்டீங்களே!"

"ஒதுங்கக்கூட இடம் கிடைக்கல" என்று சிரித்தான் கணவன். "அட, இன்னைக்குத்தான் நான் பேசறது உனக்குக் கேக்குது."

அவன் பார்வை அவள்மேல் இல்லை. அவள் தோளுக்கு மேலே இருந்தது.

பக்கத்தில் வந்து பையை நீட்டினான். ஈரமான வார் அவள் கன்னத்தை உரசிக்கொண்டு பின்னால் போனது.

அவன் கையை எடுத்துக்கொண்டான். பை கீழே விழவில்லை.