பதினோரு மாதம்

வெள்ளிக்கிழமை காலையில் தூத்துக்குடி வேலையிழப்பு ஊதிய நிலையம் மீன் ஏலக்கூடம் போல இரைச்சலாக இருக்கும். வரிசையில் நிற்பவர்கள் வெளியே வருபவர்களை மறித்து, "எவ்வளவு காட்டுது?" என்று கேட்பார்கள். பதில் ரூபாயில் வராது. வாரத்தில் வரும், அல்லது வருடத்தில். மூன்று வாரம் என்றவனின் முதுகில் தட்டி டீ வாங்கித் தரச் சொல்வார்கள். இரண்டு வருடம் என்றவனிடம் யாரும் டீ கேட்பதில்லை.

ஜெசிந்தா சூசையின் சக்கர நாற்காலியைச் சரிவில் ஏற்றி உள்ளே தள்ளி வந்தாள். கணவனை வீட்டில் விட்டுவிட்டு வர வழியில்லை. தோணியின் சரக்கறையில் விழுந்ததிலிருந்து அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. தூக்கி உட்காரவைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் அவள்தான். அதனால் வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்று வைத்திருந்தாள். துறைமுகத்தின் தன்னியக்கக் கிரேன்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏதாவது ஒன்று தயங்கி நின்றால், எந்தப் பக்கம் என்று சொல்லுவாள். போன மாதம் கிரேன்கள் தயங்குவதை நிறுத்திவிட்டன.

உள்ளே கண்ணாடித் தடுப்புகளுக்கு நடுவே இருந்தது மதிப்பீட்டான் என்ற இயந்திரம். அரசு ஆவணங்களில் அதற்கு நீளமான பெயர் உண்டு. ஊர் வைத்த பெயர் இதுதான். ஒருவர் எத்தனை காலம் வேலையில்லாமல் இருப்பார் என்று அது சொல்லும். அத்தனை காலத்துக்கு அரசு பணம் தரும். உரிமை கோரிவிட்டால், அந்தக் காலம் முடியும்வரை அவரை யாரும் வேலைக்கு வைக்கக் கூடாது. முடிந்த மறுநாள் ஒரு பைசா வராது. எனவே மதிப்பீட்டான் சொன்னது பொய்த்ததே இல்லை. கோருவதற்கு முன் எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

மற்றவர்கள் குறைந்த காலம் வேண்டி நின்றார்கள். ஜெசிந்தாவுக்கு நீண்ட காலம் வேண்டும். மிச்சமிருந்த வேலைகளெல்லாம் வீட்டுக்கு வெளியே இருந்தன. அவள் வெளியே போனால் சூசை அரசுக் காப்பகத்துக்குப் போக வேண்டும். அதை இருவரும் ஒருமுறை போய்ப் பார்த்திருந்தார்கள். திரும்பி வந்தபின் அதைப் பற்றிப் பேசவில்லை.

விவரங்களைக் கொடுத்தாள். 'பராமரிக்க வேண்டியவர்' என்ற இடத்தில் சூசையின் பெயரைச் சேர்த்தாள். திரையில் எழுத்து வந்தது.

நான்கு வருடம்.

"போதும்ளா. போட்டுரு," என்றான் சூசை.

அவள் விரல் உரிமை கோரும் பொத்தானுக்குப் போனது. பின்னால் நின்றிருந்த லூர்து, முன்னாள் லாரி ஓட்டுநர், தலையை நீட்டினார்.

"ஏ தங்கச்சி, சொன்ன விலைக்கே மீன் வாங்குவியா நீ? அஞ்சு வருசம் வரைக்கும் தரும். இன்னும் ரெண்டு தடவை போட்டுப் பாரு."

அது அந்த ஊரின் வழக்கம். முதல் மதிப்பீட்டை எடுத்துக்கொண்டு போனவனை விவரம் இல்லாதவன் என்பார்கள். அவள் விரலை இழுத்துக்கொண்டாள்.

மூட்டு வலியைச் சேர்த்தாள். நான்கு வருடம். இரவில் கண் மங்குவதைச் சேர்த்தாள். நான்கு வருடம்.

"உன் முட்டிக்கு ஒரு மரியாதையும் இல்ல," என்று சூசை சிரித்தான். "சரி, என்னைய எடுத்துட்டுப் போட்டுப் பாரு."

"எதுக்கு?"

"சும்மாதான். நான் எவ்வளவு தேறுவேன்னு பாப்போம்."

அவளும் சிரித்துக்கொண்டே பெயரை அழித்தாள்.

நான்கு வாரம்.

"பாத்தியா! மிச்சம் அவ்வளவும் நான்தான்." அவன் குரலில் பெருமை இருந்தது. லூர்து கைதட்டினார்.

பெயரை மறுபடி சேர்த்தாள். இந்த முறை மதிப்பீட்டான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது.

பதினோரு மாதம்.

எழுத்துப் பிழையாக இருக்கும் என்று பெயரைச் சரிபார்த்தாள். பிழை இல்லை. உதவி மேசையில் இருந்த பெண் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள்.

"பேரை எடுத்துப் பாத்தீங்களாம்மா?"

"ஆமா. திரும்பப் போட்டுட்டேன்."

"போட்டது அதுக்குத் தெரியும். எடுத்ததும் தெரியும்."

"சும்மா எடுத்தது."

"சும்மா எடுத்துப் பாத்தவங்க உங்களுக்கு முன்னாலயும் இருக்காங்க. பிறகு எத்தனை மாசத்துல அவங்க ஆளைக் காப்பகத்துல விட்டாங்கங்கிற கணக்கு அதுகிட்ட இருக்கு."

"நான் அவங்க இல்லையே."

"அதை எழுத அதுல இடமில்லம்மா."

"நான்தான் எடுக்கச் சொன்னேன்," என்றான் சூசை.

"யார் சொன்னாங்கன்னு அது கேக்காதுண்ணே. யார் விரல்னுதான் பாக்கும்." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "இதுக்கு மேல போட்டுப் பாக்காதீங்க. இன்னும் குறையும்."

லூர்து பக்கத்து வரிசைக்கு மாறிக்கொண்டார். வீட்டில் அரிசி தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஜெசிந்தா பொத்தானை அழுத்தினாள். நன்றி என்று திரை சொன்னது.

கடற்கரைச் சாலையில் வெயில் ஏறியிருந்தது. அவள் தள்ளிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் அவன் பேசினான்.

"பதினோரு மாசம்னா, மாதா கோயில் திருவிழா முடிஞ்சிருக்கும்."

"சும்மா வாங்க."

"கணக்குப் பாத்தேன்."

"அந்த இயந்திரத்துக்கு என்ன தெரியும்?"

அது இதுவரை பொய்த்ததில்லை என்பது இருவருக்கும் தெரியும். தான் எங்கும் போகப்போவதில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் அதைச் சொல்ல வேண்டியிருந்ததாக ஆகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் அவனைக் கட்டிலில் கிடத்தப் போனாள். அவன் கையைக் காட்டித் தடுத்தான். சமையல் மேடையில் இருந்த தண்ணீர்க் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதைக் கீழ இறக்கி வை."

"தாகமா? நான் மோந்து தாறேன்."

"வேண்டாம். எனக்கு எட்டணும்."

அவள் குடத்தைத் தூக்கி, அவன் கை எட்டும் இடத்தில் வைத்தாள்.