முன்னால் மேய்ந்தது

மாடு இன்னும் கால்வைக்காத துண்டில் புல் மேயப்பட்டுக் கிடந்தது.

ஆனந்தவள்ளிக்கு வயிறு எரிந்தது. கொள்ளிடக் கரையை ஒட்டிய அந்த மேய்ச்சல் நிலத்தில் எல்லாம் ஒரு ஒழுங்கில்தான் நடக்கும்: தினமும் சாயங்காலம் மின்வேலிக் கம்பியை ஒரு துண்டு தள்ளி நடுவாள், மாடுகள் அதற்குள்தான் மேயும், மேய்ந்த இடம் சாணியையும் மூத்திரத்தையும் குடித்து மறுபடி இடுப்புயரம் வளரும்வரை அங்கே ஒரு குளம்பு படக் கூடாது. தாத்தா தொடங்கி, அப்பா வீரமலை கட்டிக்காத்த முறை. யூரியா வாடையே அறியாத மண்.

எந்தக் களவாணி மாடு என்று திட்டிக்கொண்டே ஒரு தண்டைக் கிள்ளினாள். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் ஏது? நாக்கால் சுருட்டி இழுக்கும், புல் பிய்ந்துதான் வரும். இது பிய்யவில்லை. மேலும் கீழும் பல் பதிந்து, கரும்பைக் கடித்தது மாதிரி நறுக்கென்று இருந்தது.

போன் அடித்தது. தென்னூரிலிருந்து அண்ணன் அன்புச்செல்வன்.

"நாளைக்குக் கையெழுத்துப் போட வந்துருவியா வள்ளி? பிளாட் போடுறவங்க காத்திருக்காங்க."

"வர மாட்டேன். போடவும் மாட்டேன்."

"செத்தாலும் நகர மாட்டேன்னு தாத்தா சொன்னாரு. அப்பாவும் சாகுறப்ப அதையேதான் சொன்னாரு. நீயும் சொல்லித் தொலைக்காத."

"போனை வைங்கண்ணே!"

பொழுது சாய்ந்தது. அக்கரையில் ஸ்ரீரங்கத்துக் கோபுர விளக்குகள் எரிய, ஆற்றுக் காற்று ஈரமணலும் சாணியும் கலந்த வாசத்தைக் கொண்டுவர, அவள் கம்பியைப் பிடுங்கி அடுத்த துண்டைத் திறந்துவிட்டாள். எப்போதும் முட்டிமோதிக்கொண்டு ஓடும் மாடுகள் ஒன்றுகூட அசையவில்லை. பின்பக்கக் கம்பியோரம் ஒண்டிக்கொண்டு நின்றன. ஒரு கழுத்துமணிகூட ஒலிக்கவில்லை.

ஆனால் மேயும் சத்தம் கேட்டது.

கறுக். கறுக். முன்னாலிருந்து. மாடே இல்லாத பக்கத்திலிருந்து.

வீடு கூப்பிடு தூரம்தான், ஓடியிருக்கலாம். அண்ணனுக்கே அசராதவள் இதற்கா ஓடுவாள்? டார்ச்சை இறுகப் பிடித்துக்கொண்டு புல்லுக்குள் இறங்கினாள்.

"யாரது? என் மாட்டுத் தீனியில வாய் வைக்கிறது யாரு?"

கறுக். கறுக்.

இன்னும் ஓரடி முன்னால் வைத்தாள்.

"என்னை மிரட்டி விரட்டலாம்னு பாக்குறியா? செத்தாலும் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்!"

சத்தம் நின்றது.

டார்ச் அடித்தாள். முதுகுகள். மனுச முதுகுகள். கையும் காலும் ஊன்றி, வரிசையாக. ஒரு முதுகில் மாடு குத்திய நீளத் தழும்பு. அவள் எண்ணெய் தேய்த்துவிட்ட தழும்பு. போன ஆடியில் ஓயாமரிச் சுடுகாட்டில் எரிந்து சாம்பலான தழும்பு.

"அப்பா..."

தலைகள் நிமிர்ந்தன. வாயோரம் பச்சைச் சாறு. தாடைகள் மட்டும் அசைந்தன.

ஓடணும். கால் நகரவில்லை.

அப்பா மெல்ல ஒதுங்கினார். பக்கத்தில் இருந்த தாத்தாவும் ஒதுங்கினார். இருவருக்கும் நடுவில், கடி படாமல் விட்டுவைத்த இடுப்புயரப் புல். ஒரு ஆள் அகலத்துக்கு.